மறுபடி ஆட மாட்டேன்: ஐம்பது

தான் ஆடாத ஆட்டத்துக்கு மதிப்பெண் போடுகிற உத்தியோகம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது; ஒன்பது வருடமாக நான் அதில்தான் காலம் தள்ளுகிறேன். ஒரு வீடியோ கேம் வெளிவந்ததும் பல நாட்டு விமர்சகர்கள் அதை ஆடிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார்கள். ஒருவர் பத்துக்கு எட்டு என்பார். ஒருவர் ஐந்து நட்சத்திரத்தில் மூன்று என்பார். இன்னொருவர் பள்ளிக்கூடம் மாதிரி பி பிளஸ் போடுவார். ஐரோலியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து, அதையெல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, சராசரி எடுத்து, எங்கள் இணையதளத்தில் ஏற்றுவது எங்கள் வேலை.

ஆட்டோக்காரருக்கும் சாப்பாடு கொண்டுவந்தவருக்கும் போனில் நட்சத்திரம் தட்டிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துபோகிற நீங்களும் இந்த உத்தியோகத்தில் பகுதிநேர ஊழியர்கள்தான். அந்த உரிமையில் என் பாட்டைக் கொஞ்சம் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவின் விசாரணை

வேலை கிடைத்த புதிதில் தாராவியில் எங்கள் சந்து முழுக்க அம்மா என்னைப் பற்றிச் சொன்னது, "எஸ்தர் கம்ப்யூட்டர்ல மார்க்கு போடுதா" என்பதுதான். டீச்சர் வேலை என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அதன்பிறகுதான் அம்மா என்னை உட்காரவைத்து முறையாக விசாரித்தாள்.

நீ அந்த கேமை ஆடுவாயா என்றாள். நேரமில்லை, ஒரு நாளைக்கு முப்பது விமர்சனம் வருகிறது என்றேன். பக்கத்தில் ஒருவர் ஆடும்போது நின்று பார்ப்பாயா என்றாள். அதுவும் இல்லை என்றேன். ஆடினவர் எழுதியதை வாசித்து எண் போடுவேன் என்று பொறுமையாக விளக்கினேன். அம்மா கேட்டாள்: "அப்ப ஆக்குனவளையும் பாக்காம, தின்னவனையும் பாக்காம, கொழம்புல உப்பு எம்புட்டுன்னு சொல்லுத சோலியாட்டி இது?"

ஏழு என்றால் கோபம்

பத்துக்கு ஏழு என்பது உங்களுக்கும் எனக்கும் பள்ளியில் நல்ல மார்க். கேம் உலகத்தில் ஏழு என்றால் இழவு வீடு. எட்டுக்குக் கீழே ஒரு விமர்சகர் இறங்கிவிட்டால் ரசிகர்கள் அவரை விட்டுவிட்டு எங்களைத் திட்டுவார்கள், நாங்கள்தான் குறைத்துவிட்டோம் என்று.

ஒருமுறை செம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அலுவலக எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். ஹிந்தியில் ஆரம்பித்தவர், என் ஹிந்தியைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். வாள்சண்டை கேம் ஒன்றுக்கு ஒரு விமர்சகர் ஏழு கொடுத்திருந்தார், அதை எடுத்துவிட வேண்டுமாம். எடுக்க முடியாது, அவர் நாற்பது மணி நேரம் ஆடிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்றேன். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள், ஆனால் கேம் மறுநாள்தான் கடைக்கு வருகிறது என்பது அப்போதுதான் நினைவு வந்தது. நீங்கள் எப்போது ஆடினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது: "நான் இன்னும் ஆடலை மேடம், பட் அது செவன் இல்லைன்னு எனக்குப் பக்கா தெரியும்!"

போனை வைத்தபிறகு நான் சிரிக்கவில்லை. அம்மாவிடம் விசாரிக்கச் சொன்னால் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் சொல்லமாட்டாள். பக்கத்து மேஜையிலிருந்து எங்கள் டீம் லீட் மைதிலி மட்டும் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவன் ஃப்ரீயா பண்றான் எஸ்தர், நமக்கு ஐடி கார்டு இருக்கு."

எண் இல்லாதவர்கள்

எங்கள் தலைவலி எண்ணே போடாத விமர்சகர்கள்தான். பக்கம் பக்கமாக எழுதுவார்கள், கடைசியில் கையெழுத்து மட்டும் இருக்கும். அவர்களை வாசித்து, இவர் மனதில் எத்தனை இருந்திருக்கும் என்று நாங்களே ஒரு எண் போட வேண்டும். ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்பதற்காக மைதிலி 'கைடு' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக எல்லோரும் ஆபீஸ் வேலை பார்த்த வீட்டுப் பெண் அவள், பட்டியல் போடுவது ரத்தத்தில் இருக்கிறது. 'தவறவிடாதீர்கள்': தொண்ணூறு. 'வார இறுதிக்கு ஆகும்': அறுபது. 'மறுபடி ஆட மாட்டேன்': ஐம்பது. 'யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்': ஐம்பது.

எனக்கு அதில் நல்ல கை என்று பெயர். ரயில் ஓட்டும் கேம் ஒன்றைப் பற்றி ஒரு விமர்சகர் எண் இல்லாமல் நீளமாக எழுதியிருந்தார், நான் எழுபது போட்டேன். அவரிடமிருந்து கடிதம் வந்தபோது சண்டைக்கு வருகிறார் என்றுதான் பயந்தேன். அதை அச்செடுத்து ரொம்ப நாள் என் மேஜையில் ஒட்டி வைத்திருந்தேன். அதில் இருந்தது ஒரே வரி: "எழுபது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நீங்கள் போட்டபிறகு பார்த்தால் அதைத்தான் எழுதியிருக்கிறேன்."

குர்லாவில் ஐந்து பேர்

எங்கள் தமிழ்ச் சபையில் ஜான்சன் என்றொரு பையன், என்னைவிட எட்டு வயது சின்னவன். அவனும் நாலு நண்பர்களும் குர்லாவில் ஒரு ஷட்டர் பட்டறைக்கு மேலே அறை பிடித்து, மூன்று வருடமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். கீழே இரும்பு அடிக்கிற சத்தத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஒலிப்பதிவே செய்ய முடியும் என்பான். இடையில் அவன் அம்மா மேரி படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதும் வேலை நிற்கவில்லை.

கேம் வெளிவந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் என்னைப் பிடித்தான். கேம் எதைப் பற்றி என்று கேட்டேன். ஒரு மகன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான் என்றான். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுதான் அதை வெளியிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தளத்தில் சராசரி எழுபத்தைந்து இருந்தால் அடுத்த கேமையும் இவர்களே செய்யலாம் என்று ஒப்பந்தம். அன்றைக்கு எழுபத்தாறு இருந்தது. அவன் என்னிடம் எந்த உதவியும் கேட்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எழுபத்தஞ்சு நின்னுச்சுன்னா இன்னும் மூணு வருசம் ஒண்ணா இருப்போம்க்கா, இல்லேன்னா அஞ்சு பேரும் அஞ்சு தெசைக்குப் போயிருவோம்."

கைடு படி

வியாழக்கிழமை காலையில் அந்த கேமுக்குப் பன்னிரண்டாவது விமர்சனம் வந்தது. வெளிநாட்டிலிருந்து எழுதும் ஒரு பெண்மணி. எண் போடும் வழக்கம் இல்லாதவர். ஜான்சனை எனக்குத் தெரியும் என்று மைதிலியிடம் முன்பே சொல்லியிருந்தேன். "சொந்தமில்லையோன்னோ? அப்போ நீயே போடு" என்றாள்.

வாசித்தேன். ஒரு பத்தி முழுக்க அறையின் ஜன்னலைப் பற்றியும், அதில் வெயில் எப்போது வந்து எப்போது போகிறது என்பதைப் பற்றியும் எழுதியிருந்தார். கேம் மெதுவாக நகர்கிறது என்று நான் குறித்துக்கொண்டேன். முடிவில் இரண்டே வரி. 'இதை நான் மறுபடி ஆட மாட்டேன். யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை.' பட்டியலில் உள்ள இரண்டு வாக்கியமும் ஒரே இடத்தில். அறுபத்துநாலு போட்டால் சராசரி எழுபத்தைந்தில் நின்றுவிடும் என்று கால்குலேட்டர் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. தெரிந்த பையனுக்காக ஏற்றிப் போட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவும் கூடாது என்று ஒரு வீம்பு. இன்னொரு தடவை வாசிக்கக்கூட இல்லை, வாசித்தால் மனம் இளகிவிடுமோ என்று பயம்.

ஐம்பது போட்டேன். எழுபத்தாறு எழுபத்துநாலு ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அதேதான். நெஞ்சு கனத்தாலும், நேர்மையாக இருந்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது; அதை மறைத்து என்ன பயன்? கிளம்பும்போது மைதிலியிடம் சொன்னேன். அவள் கணினியை மூடிக்கொண்டே கேட்டாள்: "கைடு படிதானே போட்ட? அப்போ நன்னாத் தூங்கு."

திங்கட்கிழமைக் கடிதம்

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்மணியின் கடிதம் வந்திருந்தது. கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் பெயருக்கு நேரே ஐம்பது இருப்பதைத் தற்செயலாகப் பார்த்ததாகவும், அது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை என்றும் பணிவாகத்தான் கேட்டிருந்தார்.

பதினொரு மணிக்குள் எண்ணைத் திருத்தினோம். சராசரி எழுபத்தெட்டு ஆயிற்று. வெளியீட்டு நிறுவனத்துக்கு நானே என் பெயரில் எழுதினேன்: தவறு எங்களுடையது, கேமுடையது அல்ல என்று. ஒப்பந்தத்தில் உள்ளது வெள்ளிக்கிழமை எண் என்று ஒருவரிப் பதில் வந்தது. அவர்களும் ஏதோ ஒரு கைடு படிதான் போகிறார்கள் போலும். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்மணியின் கடிதம் இப்படி முடிந்திருந்தது: "அதில் நான் பார்த்தது என் அம்மாவின் கடைசி நாலு மாதம்; இரண்டாவது தடவை என்னால் எப்படி ஆட முடியும்? எண் கட்டாயம் என்றால் நூறு போடுங்கள்."

ஆடிப் பார்த்தது

அந்த வார சனிக்கிழமை, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, நான் எண் போட்ட ஒரு கேமை ஆடினேன். மத்தியானம், வீட்டில், மடிக்கணினியில். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையில் ஓர் ஒற்றை அறை, மேலே தகரக் கூரை, ஒரு ஜன்னல். கட்டிலில் முகம் திருப்பிப் படுத்திருக்கும் ஓர் அம்மா. நாம் கஞ்சி காய்ச்ச வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். எவ்வளவு சரியாகச் செய்தாலும் ஒவ்வொரு நாளும் ஒரு வாய் கஞ்சி குறைகிறது. ஜெயிப்பது என்று ஒன்றே அதில் இல்லை.

கூப்பிட வேண்டும் என்றால் அந்த அம்மா பேசுவதில்லை. கைவிரல் மோதிரத்தால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிறார்கள், இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. சத்தம் கேட்டதும் அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது. மேரி படுக்கையில் இருந்தபோது வாரம் இரண்டு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவள் அவள். நானும் போயிருக்கிறேன்; அந்தத் தட்டலை நானும் கேட்டிருக்கிறேன். விமர்சனத்தை விட்டுவிட்டுக் கேமை ஐந்து நிமிடம் திறந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்த மகன் கஞ்சிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான். அம்மா திரைக்குக் கிட்டே நகர்ந்து வந்து என் தோளைப் பிடித்தாள்: "ஏட்டி, இது நம்ம மேரில்லா! தலைய ஒசத்திப் புடிக்கச் சொல்லு அவன, பொரை ஏறிரும்!"

செருப்பு மாட்டும் இடம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜான்சனை அதே இடத்தில் நிறுத்தி, ஐம்பது போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். பட்டியல், வீம்பு, அறுபத்துநாலு, எதையும் விடவில்லை. ஐந்து பேரில் ஒருவன் ஏற்கெனவே பாண்டுப்பில் மாமாவின் மொபைல் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்றும், குர்லா அறையை மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள் என்றும் மட்டும் சொன்னான். நேற்று ஆடிப் பார்த்தேன், உன் அம்மாவை எங்கள் அம்மா அடையாளம் கண்டுகொண்டாள் என்றேன். அவன் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு வேறு மாதிரி ஆயிற்று.

இப்போது மைதிலியின் பட்டியலில் அந்த இரண்டு வாக்கியமும் இல்லை. நான் கேட்டேன், எடுத்துவிட்டாள். எண் இல்லாத விமர்சனம் எதுவும் கேமைத் திறந்து ஒரு மணி நேரமாவது ஆடாமல் என் கையிலிருந்து போவதில்லை. வேலை தேங்குகிறது, திட்டும் வாங்குகிறேன். இதெல்லாம் ஜான்சனுக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினவன், வாசல் வரை போய்த் திரும்பி நின்று சொன்னது இது: "பன்னெண்டு பேரு மார்க்கு போட்டாவக்கா, அதுல அம்மாவ நேர்ல பாத்தது நீங்க ஒருத்திதான், ஆடிப் பாக்காததும் நீங்க ஒருத்திதான்."

இத்தனைக்கும் சேர்த்து இந்த உத்தியோகத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று என்னைக் கேட்டால், 'மறுபடி ஆட மாட்டேன், யாருக்கும் சிபாரிசும் செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக் காலை சயானில் வழக்கமான எட்டு பத்து லோக்கல் ரயிலில் ஏறிவிடுவேன்.