டாக்டர் வைத்திருந்த கார்

நண்பர்களே, இன்று காலை நானும் என் மனைவி கமலாவும் பிரேசர் டவுனுக்கு ஒரு பழைய காரைப் பார்க்கப் போனோம். சுதந்திரம் வந்த வருஷம் கப்பலில் வந்திறங்கிய கறுப்புச் சீமைக் கார். எங்கள் சேமிப்பு முழுவதும் அதற்குத்தான்.

விற்பவர் பெயர் ஜோசப்.

"ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி சார். ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் தவிர எங்கியும் போனதில்ல," என்றார். நான் மயங்கிவிட்டேன்.

கமலா மட்டும் வண்டியின் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். அவள் அண்ணன் லாரி ஓட்டுகிறவர்.

"வருஷா வருஷம் எஃப்.சி. பண்ணியிருக்கே. வாடகை வண்டிக்குத்தானே கவர்மெண்டுல அப்படிப் பரிசோதிப்பாங்க?"

ஜோசப் கழுத்தைச் சொறிந்தார். "டாக்சியாத்தாம்மா ஓடிச்சு. டாக்டர் தினம் அதுலதான் போவாரு. அது நிஜம்."

நான் கோபத்தோடு எழுந்தேன். கமலா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருங்க. பிரேக்கு, ஸ்டியரிங் எல்லாம் வருஷம் தவறாம பார்த்து பாஸ் பண்ணியிருக்காங்க. டாக்டர் வண்டின்னா யார் பார்த்திருப்பாங்க?" பிறகு ஜோசப்பிடம் திரும்பினாள். "டாக்டர் விலை வேணாங்க. டாக்சி விலை சொல்லுங்க."

மத்தியானமே கார் எங்களுடையதாகிவிட்டது. வரும் வழியில் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் வேகத்தைக் குறைத்தேன். பெட்டியோடு நின்ற ஒருவர், பழகின டாக்சி போல உரிமையாகக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "மல்லேஸ்வரம்" என்றார். கமலா சிரித்துக்கொண்டே, "அவரை அங்க இறக்கி விட்டுட்டே போயிடலாங்க," என்றாள்.

உங்களில் வேறு யாரெல்லாம் எங்கள் காரில் ஏற்கெனவே போயிருக்கிறீர்கள்? எழுதுங்கள்.