சிவப்பு ஒயினும் என் மூக்கும்

ஒயின் பரிமாறுகிறவனுக்கு மூலதனம் மூக்கு ஒன்றுதான், அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. வெளிநாட்டு ஓட்டலில் தட்டு ஏந்திப் பிழைத்து, ஊர் திரும்பி, "எப்போ திரும்பப் போறே?" என்ற கேள்வியில் நொந்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

மனசில் நாவல், வாயில் செர்ரி

நான் ஆண்டிமடத்துக்காரன். துபாய் ஓட்டலில் சேர்ந்த புதிதில் சிவப்பு ஒயினை முகர்ந்து வாசனைகளைச் சொல்லச் சொன்னார்கள். புத்தகத்தில் கறுப்புச் செர்ரி, புகையிலை, பதனிட்ட தோல் என்று போட்டிருந்தது. செர்ரியை நான் கேக்கின் மேல்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது கனிந்த நாவல்பழ வாசனை, அதற்குப் பின்னால் முந்திரிக்கொட்டை ஓடு எரியும் புகை. குடித்தால் முந்திரிப்பழம் கடித்தது போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு உள்ள ஒயின்தான் வருஷக்கணக்கில் தாங்கிப் பதமாகும். பயந்துகொண்டே இதை மேலாளர் தாமஸிடம் சொன்னேன். நாகர்கோவில்காரர், சிரிக்கவில்லை.

"மனசுல நாவப்பழம்னு வச்சுக்கோ. வாயில செர்ரின்னு சொல்லு."

ஈரச் சாக்கு

கொரோனாக் காய்ச்சல் வந்தது, போகும்போது மூக்கையும் கொண்டுபோனது. புளிப்பும் துவர்ப்பும் நாக்குக்குத் தெரிந்தன. வாசனை அடியோடு இல்லை. வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. லேபிளைப் பார்த்துப் பழைய நினைவில் ஒப்பித்துக் காலம் தள்ளினேன். ஒருநாள் வழக்கமாக வரும் திருச்சிக்காரருக்கு விலை உயர்ந்த பழைய பாட்டிலைத் திறந்தேன். முறைப்படி நான் முதலில் முகர்ந்து, "செர்ரி, புகையிலை, இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றேன். அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்தார்.

"தம்பி, ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது. உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

கேஸ் அடுப்பு

கார்க் கெட்டு ஒயின் வீணானால் வரும் வாடை அது. அடுத்த மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்குறைப்பு என்று வீட்டில் சொல்லிவைத்தேன். மனைவி மேரியின் மீன்குழம்பு எனக்கு வெறும் புளித்தண்ணீர், ஆனாலும் பிரமாதம் என்று சாப்பிட்டேன். ஒரு மதியம் அவள் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை முடிந்து வந்தபோது, அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் சிலிண்டரை மூடினாள்.

"வூடே நாறுது, பக்கத்துலயே ஒக்காந்திருக்கீங்களே. எத்தன நாளா இப்படி?"

பெரம்பலூர் டாக்டர்

மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை, அழுதாள். மறுநாள் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனாள். மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் டார்ச்சை அணைத்தார்.

"வந்தா வரும் சார். வரலைன்னா வேற வேல பாத்துக்கங்க."

கடைசி பாட்டில்

வேறு வேலைக்கு மனசு வரவில்லை. அந்தக் கோப்பையும் அந்த மேஜையும்தான் எனக்குத் தெரிந்த மரியாதை. வேறு ஓட்டலுக்கு மாறியிருந்த தாமஸ் சிபாரிசு செய்தார். புது முதலாளி வீடியோ காலில் வருவார், கையில் இருக்கும் ஒயினை நான் விவரிக்க வேண்டும். என்னிடம் இருந்தது தாமஸ் கொடுத்தனுப்பிய ஒரே பாட்டில். பத்து வருஷம் வைத்தால் அமிர்தமாகும் என்றிருந்தார். எங்கள் தகரக்கூரையின் கீழ் அது இரண்டு கோடை கண்டிருந்தது. மேரி முகர்ந்து சொல்வாள், நான் போனில் பேசுவேன் என்று ஏற்பாடு.

அவள் டம்ளரை முகர்ந்து முகம் சுளித்தாள். வெல்லப்பாகு தீய்ந்த வாடை, கெட்டுப்போய்விட்டது என்றாள். செர்ரி என்று அளந்துவிட நாக்கு துடித்தது. ஈரச் சாக்கு ஞாபகம் வர, உள்ளதைச் சொன்னேன். வெயிலில் வெந்துவிட்டது சார். அவருக்கு அது பிடித்துப்போயிற்று, மற்றவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள், கிளம்பி வா என்றார். போனை வைத்துவிட்டுக் குதித்தேன். மேரி மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"விசா ஒங்களுக்கு மட்டுந்தானே? என் மூக்க எப்படி அனுப்புறது?"

இப்போது ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றுமிடத்தில் இருக்கிறேன், அங்கே மூக்கு இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சம்பளம்.