ஐந்தரை மணிக் கச்சேரி

என் அண்ணியோடு சண்டை போட முடியாது. நான் போட்டுப் பார்த்துத் தோற்றவள். ஜன்னலைச் சாத்தவா, திறந்து வைக்கவா என்று கேட்டால் "எப்படியானாலும் சரி" என்பாள். காபியா, டீயா? "எது இருக்கோ அது." என் அண்ணனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோதும் இதையேதான் சொல்லியிருப்பாள். இப்படி ஒரு மனுஷியை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது?

அண்ணன் ஐந்து வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, பேச்சைக் குழப்பியது, கோபத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியை ஸ்பூனால் தட்டுவான். வீட்டில் இரண்டே அறைகள். உள்ளே அவன், முன்னறையில் அண்ணியின் தையல் மெஷின். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று வருகிற வேலையை வைத்துத்தான் வயிறு கழுவுகிறார்கள். பாதி ஜிப் தைத்திருக்கும்போது ஸ்பூன் சத்தம் வரும். எழுந்து போவாள், திரும்பி வருவாள், ஊசியைத் தேடுவாள். ஒரு நாள் நான் எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை. நானாக இருந்தால் அந்த ஸ்பூனை வளைத்துத் தெருவில் எறிந்திருப்பேன்.

இரண்டு தெரு தள்ளி, வாத்தியங்கள் பழுது பார்க்கும் கடைக்கு மாடியில் ஒரு சின்ன ஹால் உண்டு. அறுபது மடக்கு நாற்காலி போட்டால் நடக்க இடமில்லை. அதன் ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள் அண்ணி. திரையை மாட்டப் போன அன்று வயலின்காரர்கள் இருவரும் புல்லாங்குழல்காரர் ஒருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்திய செவ்வியல் இசை மட்டும்தான் அங்கே வாசிப்பார்களாம். ஹாலைப் பார்த்துக்கொள்பவர் இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அவருக்குச் சாவிக்காரர் என்றே பெயர். "உக்காந்து கேளுங்கம்மா" என்று அவர் சொல்ல, சொன்ன சொல்லைத் தட்டாத அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். கச்சேரி ஐந்தரைக்குத் தொடங்கும், ஏழுக்கு முடியும். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு கொடுத்தால் போதும். நான் ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட். அதனால் ஐந்து மணிக்கு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் திரும்பியதும் நான் ஓடிவிடலாம். என்னையும் அண்ணியையும் தவிர வேறு யார் தொட்டாலும் அவன் கத்தித் தெருவைக் கூட்டுவான். ஆள் வைக்கவும் வழியில்லை.

எனக்கு அந்த இசை ஒரு மண்ணும் புரியாது. "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒருத்தர் ஏதோ கேக்கற மாதிரி வாசிக்கிறாரு. இன்னொருத்தர் மெதுவா பதில் சொல்றாரு. யாரும் யாரையும் அவசரப்படுத்தறதில்ல" என்றாள்.

அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. கச்சேரி முடிந்து வருகிறவளைப் பார்த்தால் வேறு யாரோ வருகிற மாதிரி இருக்கும். முந்தானையில் ஒட்டிய நூலைக்கூடத் தட்டிவிட்டிருப்பாள். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் அவள் மற்ற நாளெல்லாம் எழுந்து நடமாடினாள். இதை நான் பூசி மெழுகாமல் சொல்கிறேன், எனக்கு அது தெரியும்.

போன மாதம் ஹால் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் கச்சேரி எட்டு மணிக்கு. அண்ணி வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜிப் தைக்க உட்கார்ந்தாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. முதலில் எங்கள் சூப்பர்வைசரிடம் வெள்ளிக்கிழமை மட்டும் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டேன். சனி ஞாயிறுக்கான ரொட்டி முழுக்க வெள்ளிக்கிழமைதான் கட்ட வேண்டும், அந்த ஒரு நாளைத் தவிர வேறு எந்த நாள் வேண்டுமானாலும் கேள் என்றார். நேரே ஹாலுக்குப் போனேன்.

சாவிக்காரர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"நாங்களா மாத்தலம்மா. எல்லாருக்கும் சீட்டு குடுத்து ஐந்தரையா, எட்டான்னு கேட்டோம். எட்டுக்கு இருபத்திரண்டு, ஐந்தரைக்குப் பத்தொன்பது."

"அறுபது பேர்ல மிச்சம் பேரு?"

அவர் ஒரு கவரைக் கொட்டினார். பதினான்கு சீட்டு. மீதி ஐந்து பேர் சீட்டைத் திருப்பித் தரவே இல்லையாம். "உங்க வசதிப்படி செய்ங்க ஐயா." "எங்களுக்கு எப்பன்னாலும் சரி." "பெரியவங்க பாத்து முடிவு பண்ணுங்க." யார் யார் எழுதியது என்று அவரே சொன்னார். கிளினிக்கில் தரை துடைக்கிற அம்மா, இரவுக் காவல்காரர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தாத்தா. எட்டு மணிக்கு வர முடியாதவர்களே அத்தனை பேரும். ஒருத்தருக்காவது வாயைத் திறந்து வேண்டியதைக் கேட்கத் தெரியவில்லை. ஏழாவது சீட்டில் அண்ணியின் குண்டு குண்டான எழுத்து இருந்தது: "எப்படியானாலும் சரி."

"இப்ப மாத்த முடியாதாங்க?"

"வாசிக்கிறவங்ககிட்ட வருஷம் முழுக்கத் தேதி வாங்கியாச்சும்மா. எப்படியானாலும் சரின்னு எழுதினா நான் என்ன புரிஞ்சுக்கறது?"

அவர்மேல் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. தப்பு இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியைப் பிடித்தேன். "ஏன் அண்ணி இப்படி எழுதுனீங்க? உங்க தலைல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டீங்களே."

"அவர் மரியாதையா கேட்டாரு. என் ஒருத்திக்காக எல்லாரையும் மாத்திக்கச் சொல்றதா?"

"மாத்தச் சொல்ல வேணாம் அண்ணி. இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு எழுதியிருக்கலாமில்ல?"

"அப்படியும் எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்லடி" என்றாள். உள்ளே ஸ்பூன் தட்டியது. எழுந்து போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் ஐந்து மணிக்குப் போய் நின்றேன். கச்சேரி போனால் போகட்டும், நேரம் உங்களுடையது, எங்கேயாவது போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று செருப்பை மாட்டிவிடாத குறையாக அனுப்பினேன். போனாள். இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"தெருக்கோடி வரைக்கும் போனேன். எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பு அசதி, தூங்கிவிட்டேன். மறுநாள் பார்த்தபோது ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. பிறகு நானும் போவதை நிறுத்திவிட்டேன்.