பதினாலு கிலோ குழந்தை

அவள் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்தாள். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு அவள் மைக்கம்மா. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் வாயைத் திறக்க யோசிப்பாள். தொண்டையை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள்.

முப்பத்தாறு வயதில், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பதை எல்லோரும் கைவிட்ட பிறகு, அவள் கர்ப்பமானாள். ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது அந்தக் கண்ணாடி அறை அவளுக்குப் போதவில்லை. நாற்காலியை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் வயிறு போய் மேசை விளிம்பில் முட்டியது. மைக்கின் சுவிட்ச் இருந்ததும் அந்த விளிம்பில்தான்.

ஒருநாள் மத்தியானம் கணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நெஞ்செரிச்சலில் ஆரம்பித்து, செருப்புக்குள் நுழைய மறுக்கும் கால், ஒருக்களித்துப் படுப்பதற்குள் படும் பாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் அவனுடைய குறட்டைக்கு வந்தாள். குறட்டையைப் பற்றி நாலு நிமிடம் பேசினாள். தற்செயலாகக் கண்ணாடி வழியே கீழே பார்த்தபோது, நிலையத்தில் ஒரு ஆள் அசையவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவர் நன்றாகக் கேட்கட்டும் என்று இன்ஜினையே அணைத்திருந்தார். வயிறுதான் சுவிட்சை அமுக்கியிருந்தது.

அவள் போனை வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான அறிவிப்புக் குரலில், "பயணிகள் கவனத்திற்கு. சற்று முன் வந்த தகவல் தவறுதலாக ஒலிபரப்பானது. பொருட்படுத்த வேண்டாம்" என்றாள்.

பயணிகள் பொருட்படுத்தினார்கள். மறுநாளிலிருந்து மாடிப்படி ஏறி வந்து கண்ணாடியைத் தட்டி யோசனை சொன்னார்கள். குளிர்ந்த பால் குடிக்கச் சொன்னார்கள், தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைக்கச் சொன்னார்கள். ஒருவர் தன் வண்டியைத் தவறவிட்டுவிட்டுக் குறட்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கணவன் ஒரு ஏழு மாடிக் கட்டிடத்துக்கு லிஃப்ட் சரிசெய்யப் போனபோது, அங்கிருந்த வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்து, மல்லாந்து படுக்காமல் இருந்தால் சத்தம் வராது என்றாராம். அன்று ராத்திரி அவன் பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி ஒரு திங்கட்கிழமை. அந்தத் தேதியைப் போட்டே அவள் பிரசவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். விடுப்புப் பிரிவில் இருந்தவரை எல்லோரும் லீவு சார் என்பார்கள். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. யாருக்கும் ஒரு நாள் சம்பளத்தில் கூட வெட்டு விழக்கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷன். எதற்கும் பயப்படுகிற மனுஷனும் கூட.

திங்கட்கிழமை வந்தது, போனது. குழந்தை வரவில்லை. செவ்வாய், புதன் போயின. பக்கத்து வீடு, எதிர்வீடு, பால்காரர், போனில் அக்கா, எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. இன்னும் ஆகலையா என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் முதலில் சிரித்தாள். பிறகு தலையாட்டினாள். மூன்றாம் நாள் அவளை அறியாமலே, "வண்டி தாமதமாக வரும், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கணவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்ததெல்லாம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வதுதான். அவள் சோபாவிலிருந்து எழ முடியாமல் திணறும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பதறாதே, காற்று வரும், கதவைத் தள்ளாதே, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்பான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகக் கட்டி வைத்த பையில் டார்ச்சும் நைலான் கயிறும் இருந்தன. கயிறு எதற்கு என்று அவள் கேட்டாள். இருக்கட்டும் என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து பேர். முன்னால் நின்ற கண்டக்டர் அம்மா கையில் பூப்போட்ட ஒரு மரத் தொட்டில். மைக்கம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வந்தவர்களின் பார்வை அவள் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

"பொம்பளைப் பிள்ளைன்னு போர்டுல போட்டிருந்துச்சே" என்றாள் கண்டக்டர் அம்மா.

"எந்த போர்டுல?"

"நம்ம ஆபீஸ் போர்டுலதான். தாயும் சேயும் நலம்னு."

மாமியார் உள்ளேயிருந்து வந்து எல்லோரையும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வந்தவர்களில் ஒருவர், வந்தது வந்துவிட்டோம், குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே லீவு சார் ஓடி வந்தார். நடந்ததை அவர் சொல்லக் கேட்டபோது அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. புதிய கம்ப்யூட்டரில், குறித்த தேதிக்குப் பிறகு மூன்று நாளுக்குள் குழந்தை பிறந்ததாகப் பதியாவிட்டால் விடுப்பு ரத்தாகி, ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவர் ஆகிவிடுவார். அது நடக்கக்கூடாதென்று, திங்கட்கிழமையே பிறந்துவிட்டதாக அவர் பதிந்தார். ஆணா பெண்ணா என்ற கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை, பெண் என்று போட்டார். எடைக்கு மூன்று கிலோ இருநூறு. பெயருக்குக் 'குழந்தை'. பிறந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாராம். கம்ப்யூட்டர் தானாகவே ஒரு வாழ்த்துச் செய்தியை அச்சடித்து போர்டுக்கு அனுப்பும் என்பது அவருக்குத் தெரியாது.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. முடிஞ்சா பொண்ணாவே இருந்துட்டா நல்லாயிருக்கும்."

மாமியாருக்கு இதில் வேறு அபிப்பிராயம். ஐம்பது வருடமாக எதையும் எழுத்தில் இருந்தால் மட்டுமே நம்பி வந்தவர் அவர். ஆபீசில் பெண் என்று எழுதியிருக்கிறார்கள் என்றால் ஏதோ விஷயம் இல்லாமல் இருக்காது என்று, தையல் மிஷினைத் தூசி தட்டி, சின்னச் சின்ன கவுன்களாகத் தைக்க ஆரம்பித்தார். கணவன் தொட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆணிகளையெல்லாம் சோதித்து, இருபது கிலோ வரை தாங்கும் என்று சான்று கொடுத்தான்.

அவளுக்கு மட்டும் ஒரு விசித்திரமான சங்கடம். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே பிறந்துவிட்ட ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது விலா எலும்பில் உதைத்துக்கொண்டிருந்தது. தன்னைக் கேட்காமல் எல்லாம் முடிவாகிவிட்டதென்று அதற்கும் கோபமோ என்று தோன்றும். கொடியில் காயும் கவுன்களைப் பார்க்கும்போது, பையனாகப் பிறந்தால் வராத ஒருத்திக்குத் துரோகம் செய்யப் போகிறோமோ என்றும் தோன்றும். இதை யாரிடமும் சொல்லவில்லை. மைக் பக்கத்தில் இல்லை என்று தெரிந்தும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை, ஊழியர் நலப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் எடை மிஷினோடு வந்து இறங்கினார். ஒன்பது நாள் குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று மைக்கம்மா விளக்கினாள். நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தன்னால் வெறும் கட்டத்தோடு திரும்பிப் போக முடியாது, போன மாதம் அப்படிப் போனதற்கு வாங்கிய மெமோ இன்னும் பையில் இருக்கிறது என்றார். எடுத்தும் காட்டினார்.

இரண்டு பேரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் நர்ஸ் மைக்கம்மாவையே மிஷினில் ஏற்றினார். எழுபத்திரண்டு. கர்ப்ப அட்டையின் முதல் பக்கத்தில் இருந்தது ஐம்பத்தெட்டு. கழித்துப் பார்த்து, குழந்தை பதினாலு கிலோ என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். பொய் எழுதவில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்று கிலோ இருநூறாகப் பிறந்து ஒன்பதே நாளில் பதினாலு கிலோ ஆன குழந்தை தலைமை அலுவலகத்தின் கண்ணில் படாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தையுடன் நேரில் வரவும் என்று கடிதம் வந்தது. லீவு சாருக்கும் ஒரு கடிதம். கையில் வாங்கியதுமே அவருக்கு வியர்த்துக் கொட்டியது என்று கேள்வி.

போக வேண்டாம் என்றான் கணவன். அவள் கேட்கவில்லை. "குழந்தையோட வரச் சொல்லியிருக்காங்க. குழந்தையோடதானே போறேன்" என்றாள்.

தலைமை அலுவலகத்தில் டோக்கன் கொடுத்தார்கள். முப்பத்தொன்பது. உள்ளே போயிருந்தது பதினேழு. இரும்பு பெஞ்சில் ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் லீவு சார், நடுவில் அவள். இருபத்திரண்டைக் கூப்பிட்டபோது அடிமுதுகில் ஒரு வலி பிடித்து இழுத்தது. இருபத்தாறில் இன்னொன்று. முப்பதைக் கூப்பிடும்போது அவள் பெஞ்சின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கணவன் வெளிறிப்போய், கிளம்பலாம் என்றான்.

"முப்பத்தொன்பது வரட்டும்."

"வலிக்குதுல்ல?"

"இப்ப எழுந்து போனா மறுபடி முதல்லேருந்து உட்காரணும். கைக்குழந்தையத் தூக்கிட்டு நான் வர முடியாது."

லீவு சார் எழுந்து, முன்னால் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சினார். ஏழு பேர் விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் தனக்கும் முதுகுவலிதான் என்றார்.

விசாரணை அதிகாரி இளைஞர், ஒழுங்கானவர். நிமிர்ந்து பார்க்காமலே குழந்தை எங்கே என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். பேனாவுக்கு மூடி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து மூடியைக் கழற்றினார். குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு வாக்குமூலம் கொடுத்தால், பழைய பதிவைத் தட்டச்சுப் பிழை என்று நீக்கிவிடலாம், யார் மேலும் நடவடிக்கை வராது என்றார். லீவு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுதிய தாளை அவள் நின்றுகொண்டே படித்தாள். நடுவில் ஒரு வலி வந்தது. அது போகும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையில் இருந்த மூன்று ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வலி விட்டதும் அவள் சொன்னாள்: "தேதி மட்டும் போட்டா பத்தாது சார். மணியும் போடுங்க. சாயங்காலம் இது பொய்யாயிடும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, முற்பகல் பதினொன்று நாற்பது என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து தாளை விட்டு மேசைக்குப் போய்விட்டது. அதிகாரி தன் வண்டியையே கொடுத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் அவள் போட்ட சத்தம் சாதாரணச் சத்தம் இல்லை. பதினோரு வருடம் அடைகாத்து வைத்திருந்த தொண்டை அது. இரண்டு தளம் தாண்டிக் கேட்டது. கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள், இது நம்ம பஸ் ஸ்டாண்டு பொண்ணாச்சே என்று அடையாளம் கண்டுபிடித்து, ஊருக்கெல்லாம் போன் போட்டாள்.

நாலரை மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். தலை நிறைய முடி. அன்றைக்கே மாமியார் கவுன்களின் அடிப்பகுதியை வெட்டிச் சட்டையாக்கத் தொடங்கினார். லீவு சார் பெருமூச்சு விட்டு, திருத்தல் படிவம் வாங்கக் கிளம்பினார்.

அவளுக்குக் குரல் கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். எத்தனையோ ஆயிரம் பேருக்கு வழி சொன்னவளால், மார்பில் படுத்திருந்தவனிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கணவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதில் காற்றாக ஏதோ சொன்னாள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டு, குழந்தையிடம் குனிந்து, வெட்கப்பட்டுக்கொண்டே உரக்கச் சொன்னான்.

"உங்கம்மா உன்ன 'வாங்க'ன்னு சொல்றாங்க."

குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லி அவள் அவன் கையைச் சுரண்டினாள்.