சிலந்தி செய்ய வைத்திருந்த கொட்டைகள்

ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் மகளும் அவள் அப்பாவும் பூங்காவுக்குப் போய் கொங்கர் பொறுக்கி வரவேண்டும் என்பது நான் போட்ட திட்டம். இலையுதிர் காலத்தில் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் மினுமினுப்பான மண்ணிறக் கொட்டைதான் கொங்கர். அதில் கம்பிக் கால்களைச் செருகிச் சிலந்தி செய்வதென்றால் ஆறு வயதுக்காரிக்குச் சாப்பாடே தேவையில்லை. பசை, கம்பி, ஒட்டுகிற கண்கள் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, லண்டன் தோர்ண்டன் ஹீத் கடைகளுக்குச் சாமான் வாங்கப் போனேன்.

இவருக்கு அன்று லீவு. லீவு என்று பெயர்தான். பெட்ரோல் நிலையத்திலிருந்து யாராவது ஃபோன் எடுத்து, "அண்ணை, ஒரு ஷிப்ட் செய்வீங்களோ" என்றால் போதும், சப்பாத்தைப் போட்டுவிடுவார். மகளோடு ஒரு முழுப்பகல் இருந்ததை நான் பார்த்ததேயில்லை. அன்றாவது இருக்கட்டும் என்று அவருடைய ஃபோனை நானே சத்தமில்லாமல் செய்து வைத்திருந்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஏதோ சுட்ட வாசம். ஓவன் அடுப்புக்குள் இருந்து எடுத்த தட்டில் கொங்கர்கள் பிளந்து கிடந்தன.

"பரிஸில மெட்ரோ வாசலில சுட்டு விக்கிற மறோன்தான் இது" என்றார் இவர், பெருமை தாங்காமல். "இஞ்ச சும்மா நிலத்தில கிடக்குது. ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

லண்டனுக்கு வருமுன் பரிஸில் பல வருடம் இருந்தவர். மறோன் என்கிற அந்தத் தின்னும் செஸ்ட்நட் கொட்டையைத் தாள்சுருளில் சூடாக வாங்கித் தின்றிருக்கிறாரே தவிர, அது காய்க்கும் மரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. மறோனும் கொங்கரும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொங்கர் நஞ்சு. நான் வேலை செய்யும் பள்ளியில் பிள்ளைகளை அதை வாயில் வைக்கவே விடமாட்டோம்.

"பிள்ளைக்குக் குடுத்தனீங்களோ?"

"ஓம், ரெண்டு மூண்டு. நானும் திண்டனான், கொஞ்சம் கைக்குது. ஆனா பிள்ளைக்கு நல்லாயிருக்காம்."

கத்த வேண்டும் போல இருந்தது, கத்த நேரமில்லை. மருத்துவ உதவி எண்ணை அழுத்தி, பிள்ளை கொங்கர் தின்றுவிட்டாள், அது நஞ்சு என்றேன். எடுத்த பெண் நிதானமாக, பிள்ளை எத்தனை சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டாள்.

"எத்தினை சாப்பிட்டனீ, குஞ்சு? அம்மா ஏசமாட்டன்."

மகள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், நாக்கைக் காட்டச் சொன்னேன், வயிறு நோகுதா என்று கேட்டேன். அவள் கண் அப்பாவைவிட்டு அகலவில்லை. இவருடைய முகம் வெளிறிக்கொண்டே போனது. திடீரென்று எழுந்து குளியலறைக்கு ஓடினார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம் வெளியே கேட்டது.

அவரே இப்படியென்றால் இந்தச் சின்ன உடம்பு என்ன ஆகும்?

மகளும் அவர் பின்னால் ஓடினாள். "அப்பா, ஆர் யூ கோயிங் டு டை?" என்று அழுதபடி கவுண் பொக்கற்றுக்குள் கைவிட்டு, சப்பித் துப்பிய துண்டுகளைச் சுற்றிய ரிஷுத் தாளை வெளியே எடுத்தாள். எல்லாம் அதற்குள் இருந்தது. ஒன்றையும் அவள் விழுங்கவில்லை.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இவர் துவாயால் வாயைத் துடைத்தபடி கேட்டார். "அப்ப ஏன் நல்லாயிருக்கு எண்டு சொன்னனீ?"

"நல்லா இல்லை எண்டு சொன்னா நீங்க வேலைக்குப் போயிடுவீங்க."

அவர் துவாயை முகத்தில் வைத்தபடி நிலத்திலேயே இருந்துவிட்டார். ஃபோனில் அந்தப் பெண், பிள்ளை எத்தனை சாப்பிட்டாள் என்று மறுபடியும் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு, அவள் அப்பாவுக்கு என்ன செய்வதென்று கேட்டேன்.