நிறுத்த ஆளில்லாத பீப்

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மெசின் பழுது பார்ப்பவன். வார இறுதியில் கலைஞன். இரண்டாவதை என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. கணினியில் மின்னிசையை ஓட்டி, அதற்கேற்பத் துடிக்கும் கோடுகளையும் கட்டங்களையும் பெரிய திரையில் காட்டுவது என் கலை. எல்லாவற்றையும் மேடையில் நின்றபடி அப்போதே செய்ய வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஒருவன் மின்னஞ்சல் படித்துக்கொண்டு தலையாட்டுவது போலத்தான் தெரியும்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டின் மாடியில் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துகிறார் ஒருவர். போன முறை நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே பாதிக் கூட்டம் கீழே கொய்தியாவ் சாப்பிடப் போய்விட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முகங்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. இந்த முறையும் அப்படியானால் இனி அழைக்க மாட்டேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது.

ஆகவே எழுந்து போகாத கூட்டம் ஒன்றை நானே சேர்த்தேன்: எங்கள் உற்பத்தி லைனில் வேலை செய்யும் அக்காமார். லைன் லீடர் அக்கா சொன்னால் லைனே உட்காரும். ஞாயிறு மாலை எல்லாரும் பட்டுச்சேலையில் வந்து முன்வரிசைகளை நிரப்பினார்கள். கம்பெனி டின்னர் மாதிரி என்று நினைத்திருக்கிறார்கள்.

"பாட்டுக்காரங்க எப்ப வருவாங்க தம்பி?" என்று லைன் லீடர் அக்கா கேட்டார்.

"நான்தான்க்கா."

"நீ பாடுவியா?"

"பாட மாட்டேன்க்கா."

"அப்ப லக்கி டிரா இருக்கா?"

தொடங்கினேன். கட்டங்கள் நீந்தின, தரை அதிர்ந்தது. அக்காமார் என் முகத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். கறிபாப் பலகார டப்பா ஒன்று வரிசையில் கைமாறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, யாரும் எழவில்லை.

கடைசிப் பகுதிக்கு எங்கள் மெசின் நின்றுபோனால் அடிக்கும் பீப் சத்தத்தை வைத்திருந்தேன். தொழிற்சாலைக்குள் கைத்தொலைபேசி கூடாது என்பதால் காதிலேயே வாங்கிவந்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. திரை முழுக்க மெசின் தலையில் எரியும் விளக்கின் அதே சிவப்பு. பீப்பை நிறுத்தாமல் நீட்டி, மனிதனின் தவிப்பைக் காட்டுவதாகத் திட்டம். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன்.

தவிப்பு உடனே வந்துவிட்டதாம். கறிபாப் பாதி வழியில் நின்றதாம். கண்ணைத் திறந்தபோது அக்காமார் அத்தனை பேரும் எழுந்து கையைத் தூக்கியிருந்தார்கள். மெசின் நின்றால் டெக்னீஷியனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பின்வரிசைக் கலை ரசிகர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து அவர்களும் கையைத் தூக்கியிருந்தார்கள். லைன் லீடர் அக்கா மேடையில் என் பக்கத்தில் நின்றார்.

"மெசின் எவ்வளவு நேரமா கத்துது, நீ பாட்டுக்கு தலைய ஆட்டிக்கிட்டு நிக்கிற? ரீசெட் பண்ணு லா" என்றவர், என் கணினியில் இருந்ததிலேயே நீளமான பொத்தானைப் பார்த்து அழுத்தினார்.

எல்லாம் நின்றது. திரை இருண்டது. அப்போதுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. ஒருவர்கூடச் சாப்பிடப் போகவில்லை.

நடத்துபவர் ஓடிவந்து, அடுத்த மாதமும் கட்டாயம் வர வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா வந்தால் நானும் வரலாமாம். எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வயர்களைச் சுருட்டினேன்.

அக்கா வந்து ஒரு கறிபாப்பை நீட்டினார். "கோவிச்சுக்காத தம்பி. மத்தது ஒண்ணும் விளங்கல. அந்த பீப் மட்டும் அச்சு அசல். எனக்கு வயிறே கலங்கிப் போச்சு."

என் இசையைக் கேட்டு இதுவரை யாருக்கும் எதுவும் கலங்கியதில்லை. கறிபாப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த மாதமும் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டேன்.

"வாரேன்" என்றார் அக்கா. "ஆனா கண்ண மூடாத. மெசின் முன்னாடி யாராச்சும் கண்ண மூடுவாங்களா?"