மதியம் வாசிக்க வேண்டிய செய்திகள்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘சர்வர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக் கிடங்குக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில், ஜன்னலில்லாத கம்ப்யூட்டர் சர்வர் அறையில் பதினாலு வருடமாக உட்கார்ந்திருந்தாள். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான், மின்விசிறி சத்தம் போட்டாலும் அவள்தான். “ஃபேனுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவாள்.

தொற்று நோய் வார்டுக்குள் உறவினர்களை விடக்கூடாது என்று உத்தரவு வந்தபோது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டிலிருப்பவர்கள் போனில் செய்தி தட்டிவிட வேண்டியது. பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் ஒவ்வொரு படுக்கையாகப் போய் வாசிப்பார். வாசித்ததும் அழிந்துவிடும். அடுத்தவர் வீட்டுப் பேச்சை நாம் ஏன் சேர்த்துவைக்க வேண்டும்? அதனால் செய்திகளை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் ‘கிளவுட் கேஷ்’ என்ற தற்காலிக இணையச் சேமிப்பிடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

அதில் மூன்று வகை இருந்தது. அடிப்படை வகையில் ஒரே மெஷின். அது நின்று மறுபடி ஓடினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அடுத்ததில் நகலோடு இன்னொரு மெஷினும் கூடவே ஓடும். மூன்றாவதில் டிஸ்கிலும் பதிவாகும். அடிப்படை வகை சோதனைக்கு மட்டும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அவளும் படித்தாள்.

“முதல்ல ஓடுதான்னு பாப்போம், அப்புறம் மாத்திக்கலாம்” என்று கணவரிடம் சொன்னாள்.

ஓடியது. பன்னிரண்டு மணிக்காக வார்டே காத்திருக்க ஆரம்பித்தது. பிரிண்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே, மாற்ற வேண்டும் என்பது மறந்தேபோனது.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்காலுக்குப் பராமரிப்புக்காக அந்த மெஷின் நின்று மறுபடி ஓடியது. அதைப் பற்றிய மின்னஞ்சல் நான்கு நாளாகப் பிரிக்காமல் கிடந்தது. நான்கு மணிக்குத்தான் அதைப் பார்த்தாள். வார்டுக்கு ஓடினாள்.

“இன்னைக்கு யாருக்குமே ஒண்ணும் வரலையே” என்றார் நர்ஸ். “ஒன்பதாம் பெட் பெரியவர் ரெண்டு தடவ கேட்டார். வரலைன்னு சொல்லிட்டேன். பாவம், மூணு மணிக்கு போயிட்டார்.”

அனுப்பியவர்களின் போன் எண்கள் மட்டும் வேறு இடத்தில் பதிவாகியிருந்தன. முப்பத்தொரு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். பெரும்பாலானவர்கள், “பரவால்லைங்க, திரும்ப அனுப்பறோம்” என்றார்கள். ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டினார். ஒன்பதாம் படுக்கைக்காரரின் மகளுடைய எண்ணைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

“நான் காலைல அனுப்பினத அப்பா கேட்டாராங்க?” என்று அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“இல்லம்மா. மெஷின் நின்னு எல்லாம் அழிஞ்சிடுச்சு. அந்த மெஷினத் தேர்ந்தெடுத்தது நான்தான்.”



“பெருசா ஒண்ணுமில்லைங்க. தண்ணி மோட்டார் ஓடல, எந்த ஸ்விட்ச்சப் போடணும்னு கேட்டிருந்தேன்.” என்றாள் அந்தப் பெண். “எனக்கே தெரியும். யாராச்சும் ஏதாச்சும் கேட்டாதான் அவருக்குத் தெம்பா இருக்கும். அதான் கேட்டேன்.”

“நர்ஸ்கிட்ட ரெண்டு தடவ கேட்டாராம்மா, செய்தி வந்துச்சான்னு” என்றாள் அவள். அதையும் மறைக்க மனம் வரவில்லை.

அந்தப் பெண் அழுதாள். இவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே இரண்டாவது வகைக்கு மாற்றினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அறிக்கையில், தவறான வகையைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று எழுதினார்.

“உங்களுக்காகத்தான்மா” என்றார்.

அவள் நன்றி சொல்லவில்லை. அன்று எக்ஸ்ரே அறையில் கம்ப்யூட்டர் ஒன்று நின்றுபோயிருந்தது. போய்ச் சரிசெய்தாள். ‘என்ன அக்கா, மூஞ்சே சரியில்ல?’ என்று கேட்டவர்களிடம் தலைவலி என்றாள்.